98 எக்யூரா 1.6 ஈஎல், ஓட்டோவை மனுவலாக மாற்றிய பிறகு பத்து எரர் கோடு: எது பொய், எது மெய்?

ஈஎல்98 எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1998 எக்யூரா 1.6 ஈஎல். கனடாவில் மட்டும் விற்கவென்று ஒன்ராறியோ அலிஸ்ரனில் செய்த ஹொண்டா சிவிக்தான், முகமும் வாலும் வேறு. டி16வை8 எஞ்சின். முதலில் சித்தப்பா ஓடினார், பிறகு அண்ணன், இப்போது நான். உப்பிலும் பனியிலும் எப்படியோ துருப்பிடிக்காமல் தப்பிய வண்டி என்பதால் விட மனமில்லை. எஞ்சின் மணி மாதிரி ஓடுகிறது. ஓட்டோ கியர்பெட்டிதான் போன குளிர்காலம் இரண்டாம் கியரில் வழுக்கத் தொடங்கிக் கடைசியில் கைவிட்டது. அதைத் திருத்தக் கேட்ட காசுக்கு இன்னொரு ஈஎல்லே வாங்கலாம்.

ஜங்க் யாட்டில் இதே தலைமுறை சிவிக் எஸ்ஐ ஒன்று கிடந்தது, ஐந்து கியர் மனுவல். பெட்டி, பிளைவீல், கிளச், பெடல், மாஸ்ரர் சிலிண்டர், கியர்க் கம்பிகள், அக்ஸில், மவுண்ட் எல்லாம் அதிலிருந்துதான் கழற்றினேன். பூட்டும் வேலை வடிவாக முடிந்தது. கியர் விழுகிற விதம் அருமை. ஓட்டோ லீவரில் இருந்த சொருகியில் ஸ்ராட்டருக்குப் போகும் இரண்டு வயரையும் இணைத்துவிட்டேன், திறப்பைத் திருப்பினால் உடனே ஸ்ராட் ஆகிறது. கொம்பியூட்டர் மட்டும் பழைய ஓட்டோ கொம்பியூட்டர்தான்.

பிரச்சினை இதுதான். செக் எஞ்சின் லைற் எரிகிறது, டாஷில் ஓட்டோ கியர் நிலையைக் காட்டும் டி4 லைற் கண்சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. புளூரூத் ஸ்கானரைப் போட்டுப் பார்த்தால் பத்துக் கோடு: பி0753, பி0758, பி1753, பி1758, பி0715, பி0720, பி1706, பி0501, பி0135, பி0141.

லைற் எரிவது மட்டும் என்றால் ஒரு துண்டு கறுப்பு ரேப் ஒட்டிவிட்டுப் போய்விடுவேன். ஆனால் 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் எஞ்சினில் உயிரே இல்லை, விரெக் (அதிக ஆர்பிஎம்மில் வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் ஹொண்டாவின் ஏற்பாடு) வருவதாகவே தெரியவில்லை. சிக்னல் லைற்றுக்குக் கிட்டப் போய்க் கிளச்சை மிதித்தால் ஆர்பிஎம் தொப்பென்று விழுகிறது, சில வேளை எஞ்சின் நின்றும் விடுகிறது. பெட்டியில் ஏதும் பிழையா, கொம்பியூட்டர் வேண்டுமென்றே அடக்கி வைக்கிறதா? எங்கிருந்து தொடங்குவது?

5500க்குமேல் எழுதியது:

ப்ரோ, இது ஈஸி. கொம்பியூட்டர் ஓட்டோ பெட்டியின் சொலனோய்டுகளை, அதாவது மின்சாரத்தால் அசையும் சிறு வால்வுகளை, தேடுகிறது. அந்த வயர்களில் ஒவ்வொரு ரெசிஸ்ரர் போட்டு ஏமாற்றிவிடு, நாலு கோடு உடனே போகும். நண்பன் ஒருத்தன் செய்தான். மிச்சத்தை விடு. ஒன்ராறியோவின் ட்ரைவ் க்ளீன் புகைச் சோதனையும் 2019 ஏப்ரலோடு போய்விட்டது, யார் உன் லைற்றைப் பார்க்கப் போகிறார்கள்?

ரெஸ்ற்லாம்பு எழுதியது:

தம்பி ஈஎல்98, பத்துக் கோடு என்றதும் பத்துப் பழுது என்று பயப்பட வேண்டாம். கொம்பியூட்டருக்குப் பழுது தெரியாது. தான் எதிர்பார்த்த மின்சாரம் எந்த வயரில் வரவில்லை என்பதுதான் அதற்குத் தெரியும். நீர் பெட்டியைக் கழற்றியது அதற்கு யாரும் சொல்லவில்லை, அது இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

உம்முடைய பத்தில் ஏழு அப்படி வந்தவை. பி0753, பி0758 இரண்டும் கியர் மாற்றும் ஏ, பி சொலனோய்டுகள். பி1753, பி1758 எஞ்சினையும் பெட்டியையும் நேரே பிணைக்கும் லொக்கப் சொலனோய்டுகள். பி0715 பெட்டிக்குள் மெயின்ஷாஃப்ற் சுழல்வதை எண்ணும் சென்சர், பி0720 கவுண்டர்ஷாஃப்ற் சென்சர். பி1706 லீவர் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லும் சுவிச். ஸ்கானர் எல்லார் கையிலும் வருவதற்கு முதல், டாஷுக்குக் கீழே கிடக்கும் இரண்டு பின் சொருகியைக் கம்பித்துண்டால் இணைத்துவிட்டு டி4 லைற் எத்தனை தரம் சிமிட்டுகிறது என்று எண்ணுவோம். பி0753க்கு ஏழு சிமிட்டல், பி0720க்கு ஒன்பது, பி0715 என்றால் ஒரு நீளச் சிமிட்டலும் ஐந்து குறுஞ்சிமிட்டலும். உமக்கு இன்றைக்கு அது தேவையில்லை. ஆனால் டி4 லைற் சும்மா சிமிட்டவில்லை என்று தெரிந்திருக்கட்டும்.

ரெசிஸ்ரர் கதையைத் தள்ளி வையும். ஹொண்டாவின் இந்தச் சொலனோய்டுகள் 12 முதல் 25 ஓம். 18 என்று வைத்துக் கணக்குப் போட்டால், எஞ்சின் ஓடும்போது இருக்கும் 14 வோல்ற்றுக்கு ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 11 வாற்று சூடு. கடையில் சில்லறையாக விற்கும் கால் வாற்று ரெசிஸ்ரர் பொசுங்கிப் போகும், கார்ப்பெற்றுக்குக் கீழே வைத்தால் கார்ப்பெற்றும் சேர்ந்து போகும். பெரிய வாற்று ரெசிஸ்ரர் வாங்கி அலுமினியத் தகட்டில் பூட்டினாலும் சென்சர் கோடுகள் இரண்டும் அப்படியே நிற்கும், அவற்றுக்குச் சுழல்கிற பல்லுச்சக்கரம் வேண்டும். வேலையும் காசும் போய், லைற் எரிந்துகொண்டே இருக்கும். நண்பர் செய்தார் என்றால் அவரிடம் இன்றைக்கு லைற் எரிகிறதா என்று கேட்டுப் பாரும்.

எனக்கு அக்கறை மிச்சம் மூன்றில்தான்: பி0501, பி0135, பி0141. பி0501 வண்டியின் வேகச் சென்சர். அது ஓட்டோ பெட்டியிலும் உண்டு, மனுவல் பெட்டியிலும் உண்டு, ஆகவே அந்தக் கோடு வர நியாயமில்லை. பி0135, பி0141 முன் பின் ஒட்சிசன் சென்சர்களின் ஹீற்றர். அவற்றுக்கும் கியர்பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக வந்ததால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுவோம். மாற்று வேலை செய்து முடித்த கார்களில் எனக்குக் கிடைத்த பழுதுகள் பெரும்பாலும் இப்படி ஒளிந்திருந்தவைதான்.

இப்போது செய்ய வேண்டியது. கோடுகள் எல்லாவற்றையும் அழியும். பிறகு எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் திறப்பை மட்டும் ஒன் (ON) நிலையில் வைத்து, கொஞ்சம் பொறுத்து வாசியும். வந்ததை எழுதி வையும். பிறகு ஸ்ராட் பண்ணி, நின்ற இடத்திலேயே சூடாக விட்டு மறுபடி வாசியும். கடைசியாக ஒருக்கா தெருவில் ஓடிவிட்டு வந்து வாசியும். எந்தக் கோடு எந்தக் கட்டத்தில் திரும்பி வருகிறது என்பதே பாதி விடை. வயர் அறுந்த சொலனோய்டைக் கொம்பியூட்டர் உடனேயே கண்டுபிடிக்கும். ஹீற்றரை எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பார்க்கும். வேகச் சென்சரை வண்டி ஓடாமல் அதனால் சோதிக்கவே முடியாது.

இன்னொன்று. பற்றரியின் நெகற்றிவிலிருந்து கியர்பெட்டிக்கு வரும் ஏர்த் கேபிளைத் திரும்பப் பூட்டினீரா? தேர்மோஸ்ராற் வீட்டில் ஒரு ஏர்த் வயர் இருக்கும், அதுதான் கொம்பியூட்டருக்கே ஏர்த். பெட்டி கழற்றும்போது அந்தப் பக்கம் கைபட்டுத் தளர்ந்தால் என்னென்னவோ கோடு வரும். பார்த்துவிட்டு எழுதும்.

பச்சைவயர் எழுதியது:

அண்ணை சொன்ன சோதனையோடு இரண்டு கேள்விக்கும் பதில் போடுங்கள் தம்பி. ஸ்பீடோமீற்றர் முள் அசைகிறதா? எஞ்சின் ஓடும்போது பற்றரியில் எத்தனை வோல்ற்?

ஏன் கேட்கிறேன் என்றால், முன் சென்சரின் ஹீற்றரும் பின் சென்சரின் ஹீற்றரும் ஒரே நாளில் சாகாது. ஒன்று எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கிறது, மற்றது கற்றலிற்றிக் கொன்வேற்றருக்குப் பின்னால் காருக்குக் கீழே. இரண்டும் சேர்ந்து போனால் சென்சர் வாங்க ஓடாதீர்கள், இரண்டுக்கும் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சென்சர் விலை தெரியும்தானே.

ஈஎல்98 எழுதியது:

இருவருக்கும் நன்றி. செய்து பார்த்தேன்.

ஏர்த் கேபிள் இரண்டும் இறுக்கமாகத்தான் இருக்கின்றன. கழற்றி, கம்பித்தூரிகையால் சுத்தம் செய்து மறுபடி பூட்டினேன். ஸ்ராட்டர் சுற்றும்போது பற்றரி நெகற்றிவுக்கும் கியர்பெட்டி உடம்புக்கும் இடையில் 0.1 வோல்ற்றுக்கு மேல் போகவில்லை.

திறப்பு ஒன்னில், எஞ்சின் ஓடாமல்: பி0753, பி0758, பி1753, பி1758. நாலும் உடனே வந்துவிட்டன.

ஸ்ராட் பண்ணிச் சூடாகும்போது: பி0135, பி0141 சேர்ந்தன.

தெருவில் ஓடிய பிறகு: பி0715, பி0720, பி1706, பி0501. ஆக, பத்தும் வந்துவிட்டன.

அக்கா கேட்டதற்கு: ஸ்பீடோமீற்றர் அசையவே இல்லை. பெட்டி வேறு என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் போனின் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன். எஞ்சின் ஓடும்போது பற்றரி 12.2 வோல்ற். பற்றரி பழசு, அதனால்தானோ?

ரெஸ்ற்லாம்பு எழுதியது:

பற்றரி பழசானாலும் அல்ரனேற்றர் வேலை செய்தால் பதின்மூன்றரை, பதினான்கு காட்ட வேண்டும். 12.2 என்றால் சார்ஜே ஏறவில்லை.

அப்படியென்றால் இப்போது நாலு விஷயம் கையில் இருக்கிறது: முள் செத்துவிட்டது, இரண்டு ஹீற்றரும் செத்துவிட்டன, சார்ஜ் இல்லை. 96 முதல் 2000 வரையான சிவிக்கில் இந்த நாலுக்கும் பொதுவாக ஒரு சாமான் இருக்கிறது. டிரைவர் பக்கம் டாஷுக்குக் கீழே இருக்கும் பியூஸ் பெட்டியின் மூடியைத் திருப்பி வாசித்தால் அல்ரனேற்றர் எஸ்பி சென்சர் என்று ஒரு 7.5 அம்ப் பியூஸ் எழுதியிருக்கும். பெயரிலேயே அல்ரனேற்றரும் ஸ்பீட் சென்சரும் இருக்கின்றன, ஒட்சிசன் சென்சர் ஹீற்றர்களும் அதில்தான் தொங்குகின்றன. எழுத இடம் இல்லாமல் விட்டிருப்பார்கள். உம்முடைய ஈஎல் உள்ளே அதே சிவிக்தான்.

எஞ்சினுக்கு உயிரில்லை என்றீரே, அதுவும் இதுதான். விரெக்கைத் திறக்க முதல் கொம்பியூட்டர் ஆர்பிஎம், லோட், தண்ணீர்ச் சூடு, வண்டியின் வேகம் எல்லாவற்றையும் பார்க்கும். வேகம் பூச்சியம் என்று தெரிந்தால் நின்ற இடத்தில் யாரோ அக்சிலரேற்றரை மிதித்து விளையாடுகிறார்கள் என்று நினைத்துத் திறக்காது. சிக்னலில் எஞ்சின் நிற்பதும் இதனால்தான், வண்டி உருண்டு வந்து நிற்கிறது என்று தெரியாததால் ஐடிலை (அக்சிலரேற்றரை விட்டபின் எஞ்சின் ஓடும் வேகத்தை) முன்கூட்டியே பிடிக்க அதற்கு வழியில்லை. உமக்கு இதற்குப் புதுப் பெட்டியும் வேண்டாம், புதுக் கொம்பியூட்டரும் வேண்டாம்.

பியூஸைக் கழற்றிப் பாரும், எரிந்திருக்கும். புதுசு போட்டதும் அதுவும் எரியலாம், காரணம் இல்லாமல் பியூஸ் போகாது. ஒரு பெட்டி பியூஸ் வாங்கி ஒவ்வொன்றாக எரிக்க வேண்டாம், 15 அம்ப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். பழைய பின் லைற் பல்ப் ஒன்று, 21 வாற்று, இரண்டு வயர் வைத்து ஒட்டி, பியூஸ் இருக்கிற இடத்தில் சொருகும். திறப்பு ஒன். எங்கோ ஏர்த்தில் முட்டுகிறது என்றால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். அது எரிந்துகொண்டிருக்க, முன் ஒட்சிசன் சென்சர் சொருகி, பின் சென்சர் சொருகி, வேகச் சென்சர் சொருகி, அல்ரனேற்றர் சொருகி என்று ஒவ்வொன்றாகக் கழற்றும். எதைக் கழற்றும்போது வெளிச்சம் சட்டென்று குறைகிறதோ, அந்த வயரில் கையை வைத்துக்கொண்டே போம். எல்லாம் கழற்றியும் எரிந்தால் பிரதான வயர்க்கட்டில் எங்கோ நசிந்திருக்கிறது. ஒன்றைக் கவனியும், ஷோட் இல்லாவிட்டாலும் ஹீற்றர்கள் கரண்ட் எடுப்பதால் பல்ப் மங்கலாக எரியும். அது பழுது இல்லை.

பெட்டி இறக்கி ஏற்றும்போது அடிபடக்கூடிய இடங்கள் உமக்குத்தான் தெரியும். நான் என்றால் முன் ஒட்சிசன் சென்சரின் வயரைத்தான் முதலில் பார்ப்பேன்.

5500க்குமேல் எழுதியது:

சரி அண்ணை, ரெசிஸ்ரரை விடுவோம். நண்பனிடம் கேட்டேன், லைற் எரிகிறதாம். ஒரு சந்தேகம்: ஓட்டோவின் பிளெக்ஸ்பிளேற்றை எடுத்து மனுவல் பிளைவீல் போட்டிருக்கிறார், கிராங் சென்சர் குழம்பாதா? என் ஒன்றுவிட்ட அண்ணாவின் ஜீப்பில் பிளைவீல் மாற்றியதும் ஸ்ராட்டே ஆகவில்லை.

ரெஸ்ற்லாம்பு எழுதியது:

நல்ல கேள்வி. ஜீப்பின் 4.0 எஞ்சினில் கிராங் சென்சர் பெட்டியின் கழுத்தில் இருந்து பிளைவீலில் வெட்டிய பள்ளங்களைத்தான் வாசிக்கிறது. பள்ளம் பொருந்தாத பிளைவீல் போட்டால் எஞ்சினுக்கு எந்த சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று தெரியாது. உம்முடையது போன்ற ஹொண்டா டி சீரிஸ் எஞ்சினில் அந்த வேலையைச் செய்கிற சென்சர்கள் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கின்றன. மிஸ்ஃபயர் (சிலிண்டர் ஒன்று தீப்பிடிக்காமல் விடுவது) பார்க்கிற சென்சர் முன்பக்கம் கிராங் புலியில். பிளைவீல் பக்கம் ஒன்றும் இல்லை. அதனால்தான் இந்தக் கார்களில் மாற்று வேலை இவ்வளவு சுலபம். வேறு கம்பனிக் காரில் தொடங்குமுன் இதை ஒருக்கா விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஈஎல்98 எழுதியது:

அண்ணை, பியூஸ் எரிந்துதான் கிடந்தது. பல்ப் சோதனை செய்தேன். முழு வெளிச்சம். முன் ஒட்சிசன் சென்சர் சொருகியைக் கழற்றியதும் மங்கிவிட்டது.

வயரைப் பின்தொடர்ந்து போனால், சென்சருக்கும் சொருகிக்கும் இடையில் அது எக்சோஸ்ற் மனிஃபோல்ட் தகட்டில் சாய்ந்து கிடந்திருக்கிறது. உறை உருகி உள்ளே செம்பு தெரிகிறது. அந்த வயரைப் பிடித்துவைக்கும் கிளிப் பழைய பெட்டியின் பிரக்கற்றில் இருந்தது, மனுவல் பெட்டியில் அந்தப் பிரக்கற் கிடையாது. வெட்டி, ஈயம் ஊற்றி, சூட்டுக்குழாய் போட்டு, தகட்டிலிருந்து தள்ளிக் கட்டிவிட்டேன். சென்சரின் ஹீற்றரை மல்ரிமீற்றரில் அளந்தேன், 14 ஓம், உயிரோடுதான் இருக்கிறது.

புது 7.5 அம்ப் பியூஸ் போட்டதும் முள் அசைகிறது. எஞ்சின் ஓடும்போது 14.1 வோல்ற். ஹைவேயில் ஏறி மூன்றாம் கியரில் இழுத்தேன். சித்தப்பா ஓடிய காலத்தில் இந்த வண்டி இப்படிக் கத்தியதே இல்லை! ஐடிலும் நிற்கவில்லை. பி0501, பி0135, பி0141 மூன்றும் திரும்பி வரவில்லை.

மிச்சம் ஏழும் இருக்கின்றன. இனி அவற்றை விடலாமா?

ரெஸ்ற்லாம்பு எழுதியது:

14 ஓம் சரியான கணக்குத்தான், சென்சர் வாங்கும் காசு மிச்சம்.

ஏழையும் விடலாமா என்றால், வண்டி ஓடும். ஆனால் நான் விடமாட்டேன். செக் எஞ்சின் லைற் எப்போதும் எரிந்துகொண்டிருந்தால் நாளைக்கு உண்மையான மிஸ்ஃபயர் வந்தாலும் உமக்குத் தெரியாது. இந்தப் பியூஸ் விஷயமே அந்த ஏழுக்குப் பின்னால்தான் இவ்வளவு நாள் மறைந்திருந்தது.

ஒழுங்கான வழி மனுவல் கொம்பியூட்டர். உம்முடைய எஞ்சினுக்குரியது பி2பி. கொம்பியூட்டர் பயணியின் கால் வைக்கும் பக்கம் கார்ப்பெற்றுக்குப் பின்னால் இருக்கிறது, அதில் ஒட்டிய லேபிளில் 37820-பி2பி என்று தொடங்கும் எண் இருக்கும். அதன் கடைசித் துண்டில் ஆங்கில எழுத்துக்குப் பிறகு வரும் முதல் இலக்கத்தைப் பாரும். ஹொண்டாவில் பெரும்பாலும் 0 என்றால் மனுவல், 5 என்றால் ஓட்டோ. பெட்டி எடுத்த அந்த எஸ்ஐயிலேயே கொம்பியூட்டர் இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பாரும், இருந்தால் அதைவிடப் பொருத்தம் வேறில்லை. எந்தக் காரில் எடுத்தாலும் 96, 97, 98 மட்டும். 99, 2000 கொம்பியூட்டரின் சொருகிகள் வேறு, வயரை வெட்டாமல் போடமுடியாது. அந்த வேலைக்குள் இறங்க வேண்டாம்.

வாங்குமுன் இன்னொன்று. திறப்பை ஒன்னுக்குத் திருப்பும்போது டாஷில் பச்சை நிறத் திறப்புப் படம் ஒன்று எரிந்து அணைகிறதா? அப்படி இல்லையென்றால் இமொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்பூட்டு) இல்லை, கொம்பியூட்டரைச் சொருகிவிட்டு ஓட வேண்டியதுதான். இருந்தால் திறப்பையும் புதுக் கொம்பியூட்டரையும் பழக்கப்படுத்த வேண்டும், அதற்குரிய கருவி வைத்திருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

மனுவல் கொம்பியூட்டரில் ஓட்டோவுக்கென்று இருந்த சொருகிக்கு வேலை இல்லை. அதைச் சும்மா தொங்கவிடாமல் ரேப் சுற்றி வயர்க்கட்டோடு கட்டிவையும். கழற்றுமுன் பற்றரி நெகற்றிவைக் கழற்ற மறக்க வேண்டாம்.

இணையத்தில் சிலர் ஓபிடி1 (96க்கு முந்திய) கொம்பியூட்டரை இடைவயர் போட்டு இந்தக் கார்களில் பூட்டுகிறார்கள். சிப் மாற்றி விளையாட வசதி என்பது உண்மை. ஆனால் ஸ்கானர் சொருகி செத்துவிடும். இன்றைக்கு உம்மைக் காப்பாற்றியதே அந்தச் சொருகிதான்.

இனித்தான் எனக்குப் பிடிக்காத விஷயம். ஸ்ராட்டர் வயர் இரண்டையும் நேரே இணைத்ததாக எழுதினீர். அப்படி விட்டால் கியரில் நிற்கும்போது யாராவது வெளியில் நின்று திறப்பைத் திருப்பினாலும் கார் பாயும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சொல்லத் தேவையில்லை. எஸ்ஐயின் பெடல் தாங்கியில் கிளச் சுவிச் இரண்டு இருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று. பெடல் அடி மட்டும் போகும்போது அமர்கிறது ஸ்ராட்டர் சுவிச். நீர் இணைத்த அந்த இரண்டு வயரையும் பிரித்து இந்தச் சுவிச்சின் இரண்டு காலுக்கும் கொடும். மற்றது குறூஸ் கொன்ரோலுக்கு. ஓட்டோ காரில் குறூஸ், லீவர் சுவிச்சின் சிக்னலைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. அந்த வயரை நிரந்தரமாக ஏர்த்தில் பூட்டி ஏமாற்றினால் குறூஸ் வேலை செய்யும். ஆனால் ஹைவேயில் குறூஸ் போட்டபடி கிளச்சை மிதித்தால் எஞ்சின் ஆர்பிஎம் மேலே பறக்கும். அதையும் சுவிச் வழியாகவே கொண்டுபோம்.

றிவேர்ஸ் லைற்றுக்கு மனுவல் பெட்டியின் மேலே இரண்டு வயர் சுவிச் இருக்கிறது. அதிலிருந்து உள்ளே லீவர் சொருகியில் இருக்கும் றிவேர்ஸ் வயர்களுக்கு இழுக்க வேண்டும். அது இல்லாமல் சேஃப்ரி சேர்ற்றிஃபிகேற் எடுக்கப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

ஈஎல்98 எழுதியது:

எஸ்ஐயின் கொம்பியூட்டர் அங்கேயே கிடந்தது. லேபிளில் அண்ணை சொன்ன இடத்தில் 0. என் காரில் பச்சைத் திறப்புப் படம் இல்லை, சொருகியதும் ஸ்ராட் ஆகிவிட்டது. டி4 லைற் அணைந்துவிட்டது. தெருவில் நன்றாக ஓடிவிட்டு வந்து மூன்று கட்டமாக வாசித்தேன், ஒரு கோடும் இல்லை. கிளச் சுவிச், குறூஸ், றிவேர்ஸ் மூன்றும் முடிந்தன.

ஒன்றே ஒன்று மிச்சம். மாற்று வேலை செய்த நாளிலிருந்து திறப்பைக் கழற்ற முடியவில்லை. லொக் வரை திரும்ப மறுக்கிறது. இதுவரைக்கும் திறப்பை உள்ளேயே விட்டுவிட்டு மற்றத் திறப்பால் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்காபரோவில் பழைய ஹொண்டாவை இப்படி விடப் பயமாக இருக்கிறது. புதுக் கொம்பியூட்டர் போட்டால் சரியாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை.

பச்சைவயர் எழுதியது:

அது கொம்பியூட்டர் வேலை இல்லை தம்பி. ஓட்டோ காரில் லீவர் பி-யில் (பார்க்கில்) இல்லாமல் திறப்பு கழரக்கூடாது என்பதற்காக ஸ்ரியரிங் லொக்கில் ஒரு சொலனோய்டு வைத்திருக்கிறார்கள். லீவர் பி-யில் இல்லை என்று தெரிந்தால் அதற்குக் கரண்ட் போகும், அது பின்னை நீட்டித் திறப்பைத் தடுக்கும். உங்களிடம் இப்போது பி-யே இல்லை, ஆகவே எப்போதும் தடுக்கிறது.

கரண்ட் இல்லாவிட்டால் பின் தானாக உள்ளே போய்விடும். டாஷுக்குக் கீழே இன்ரர்லொக் கொன்ரோல் யூனிற் என்று ஒரு சிறு பெட்டி இருக்கிறது, அதன் சொருகியைக் கழற்றிவிடுங்கள். பெட்டி கிடைக்காவிட்டால் ஸ்ரியரிங் உறையைக் கழற்றி, திறப்புப் பூட்டிலிருந்து வரும் அந்தச் சொலனோய்டின் சொருகியையே கழற்றலாம். ஆனால் உறைக்குள் எயர்பாக்கின் மஞ்சள் நிறச் சொருகிகளும் இருக்கும். அவற்றில் மட்டும் கையோ மீற்றரோ வைக்காதீர்கள்.